முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

வெள்ளிக்கிழமை ஆகையால் அளவைக்கான மூலக்கற்கள் இரண்டுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்திருந்தார்கள். ஜெசிந்தா கழுத்துச் சிலுவையை ஒரு தடவை தொட்டுக்கொண்டு, தூரமானியை முதல் கல்லின் மேல் நிறுத்தி, அலுவலக முற்றத்தின் மறுகோடியில் இருந்த இரண்டாவது கல்லைக் குறி பார்த்தாள். ஒளிக்கீற்று போய்த் திரும்பியது. "ஏற்கவா?" என்று கருவி கேட்டது. வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினாள். திரையில் நூறு மீட்டர் என்று வந்தது.

வராமல் எங்கே போகும்? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நூறு மீட்டர் என்பது அரசாங்கமே அளந்து நட்டது. கருவி கூடவோ குறையவோ காட்டினால் அது வெயிலின் கோளாறு, கருவியின் கோளாறு. கல்லுக்கு ஏற்றபடி கருவி தன்னைத் திருத்திக்கொண்ட பிறகுதான் அன்றைய அளவை ஆரம்பமாகும். 'கல் நகராது, கருவிதான் தப்பும்' என்று அலுவலகச் சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

கருவியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, விமான நிலையத்தை ஒட்டிய செங்காட்டுப்பட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். கோயில் வாசல், பால் டிப்போ, ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி என்று இருபது இடங்களை அளக்க வேண்டும். கடைசி அளவு, அவள் வீட்டு வாசலிலிருந்து மகள் படிக்கும் பள்ளியின் இரும்புக் கேட் வரைக்கும். திருப்பமே இல்லாத நேர்ச்சாலை அது. முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்றது திரை. நேற்றும் அதுதான், போன வருடமும் அதுதான். 'மாற்றம் இல்லை, தடம் இயங்கலாம்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். தூரச் சான்றாளர் என்பது அவள் பதவி. அவள் கையெழுத்து இல்லாமல் அன்றைக்கு ஒரு விமானமும் கிளம்பாது.

திருச்சிக்கும் டொராண்டோவுக்கும் நடுவே வான்வழியில் பதின்மூவாயிரத்து ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர். முன்பெல்லாம் இரண்டு விமானம் மாறி, கால் வீங்கி, ஒரு நாள் முழுக்கத் தொலைத்துப் போய்ச் சேர்ந்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் மடிப்பி வந்தது. இரண்டு ஊர்களிலும் ஊருக்கொன்றாக அதை நட்டு முடுக்கினால், நடுவில் இருக்கும் வெளி புடவைக் கொசுவம்போல மடிந்துகொள்ளும். பறப்பதற்கு மிஞ்சுவது நானூற்றுப் பத்து கிலோமீட்டர்தான். நாற்பது நிமிடம். டீ குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். பெருந்தூரம் பறக்கும் பழைய விமானங்களையெல்லாம் உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

கொசுவம் வைத்தால் துணி குறைந்துவிடாது, இடுப்பில் செருகியாக வேண்டும். தூரமும் அப்படித்தான். மடித்த பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் எங்கேயாவது இருந்துதானே ஆகவேண்டும்? அதற்கு மிச்சத்தூரம் என்று பெயர் வைத்தார்கள். நிலையத்துக்கு வடக்கே ஆளில்லாத பொட்டலில் அது போய் அடங்கிவிடும் என்றார்கள். பொட்டலை விட்டு வெளியே கசிகிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் ஜெசிந்தாவுக்கு வேலை கொடுத்திருந்தார்கள்.

அவளுக்கு அந்த வேலையைவிட மடிப்பியின் மேல்தான் அதிகப் பிரியம். கணவன் அமலதாஸ் டொராண்டோவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான புதிதில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் அவன் முகத்தைப் பார்த்தாள். இப்போது வெள்ளிக்கிழமை காலை அங்கே பணி முடித்து விமானம் ஏறினால், இங்கே அதே வெள்ளிக்கிழமை மாலை இட்லிக்குச் சட்னி அரைக்கும் நேரத்துக்கு வந்துவிடுவான். திங்கட்கிழமை போவான். எட்டு வயது மெர்லின் அப்பாவை வாரா வாரம் பார்த்து வளர்ந்தவள். அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் வேறு எதுவும் ஜெசிந்தாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்தாலும் அவள் பார்க்கவில்லை.

தெரியத்தான் செய்தது. செங்காட்டுப்பட்டியில் எல்லோருக்கும் கால் வலித்தது. கோயிலுக்குப் போய் வந்தால் மூச்சு வாங்குகிறது என்றார்கள். வயசாகிவிட்டது என்று அறுபது வயதுக்காரர்கள் சொன்னால் சரி; முப்பது வயதுக்காரர்களும் சொன்னார்கள். தார்ச்சாலை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாளம் பாளமாக வெடித்தது. ரோடு போட்ட கான்ட்ராக்டரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். தண்ணீர்க் குழாய் மூட்டுவிட்டுக் கழன்றது, மின்கம்பி விண்ணென்று இறுகி அறுந்தது. மாவட்டத்திலேயே அதிகம் நடக்கும் ஊர் என்று, கைக்கடிகாரங்கள் எண்ணிய காலடிகளை வைத்து, செங்காட்டுப்பட்டிக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதை வாங்க மேடைக்கு நடந்தவர்களும் பாதி வழியில் நின்று இளைப்பாறினார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜெசிந்தா ஒரு நாள் தூரமானியின் இரண்டாவது பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். காலையில் 'ஏற்க' என்று அழுத்தும்போது கருவி தன்னை எவ்வளவு திருத்திக்கொள்கிறது என்று அங்கே இருக்கும். நூற்றுக்கு நாலு என்று இருந்தது. அதாவது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நூற்று நாலு மீட்டர் இருப்பதாகக் கருவி நினைக்கிறது. நிலையத் தலைவர் தண்டபாணியிடம் ஓடினாள்.

"கருவி பழசும்மா, மாத்திரலாம்" என்றார் அவர். புதுக் கருவி வந்தது. அதுவும் நூற்றுக்கு நாலு என்றது.

"சார், கல்லு நகருதோ?"

தண்டபாணி நல்ல மனிதர். குரலை உயர்த்தியதே கிடையாது. "அப்படி நெனைச்சீங்கன்னா தடத்தை மூடச் சொல்லி நீங்க எழுதலாம். சான்றாளர் எழுதினா நான் மூடித்தான் ஆகணும்" என்றார். கையிலிருந்த கோப்பை மூடிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் டொராண்டோலதானே இருக்காரு?" என்று கேட்டார். மிரட்டலே இல்லை, சும்மா ஒரு விசாரிப்பு.

அன்றிலிருந்து ஜெசிந்தா அந்த இரண்டாவது பக்கத்தைப் புரட்டவேயில்லை.

இது டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புகிறவர்களுக்காகத் தினம் பன்னிரண்டாக இருந்த விமானங்களை இந்த வாரம் நாற்பது ஆக்கியிருந்தார்கள். சாலைகளில் சடசடவென்று வெடிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாலை நாலு மணிக்கு ஜெசிந்தா வீட்டு வாசலில் மகளுக்காகக் காத்து நின்றாள்.

எதிர்ச்சாரியில் நாற்பது மீட்டர் தள்ளி ஷாஜகான் மாஸ்டரின் பரோட்டாக் கடை. மாஸ்டர் இரண்டு கைகளிலும் கொத்தும் தகடுகளைத் தூக்கிக் கல்லின் மேல் போட்டார். சத்தம் வரவில்லை. கையை மறுபடி தூக்கினார். அப்போதுதான் முதல் 'டக்' வந்தது.

ஜெசிந்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மாஸ்டர் கொத்தி முடித்துக் கைகளை முண்டாசுத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். 'டக டக டக டக்' என்று கல்லின் சத்தம் ஆளில்லாமல் வந்துகொண்டிருந்தது. கடை அதே கடைதான். ஆனால் மாஸ்டரின் முகத்தில் இருக்கும் மச்சம் தெரியவில்லை. முகமே தெரியவில்லை.

ஒலி மூன்று விநாடியில் ஒரு கிலோமீட்டர் போகும். தாமதம் ஒரு விநாடிக்கு மேல் இருந்தது. நாற்பது மீட்டர் நானூறு மீட்டராகியிருக்கிறது.

சாலையின் கோடியைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது.

ஸ்கூட்டரிலிருந்து தூரமானியை இறக்கி, அதன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். பள்ளி கேட் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம், சாலையின் நடுவில், ஒரு சிவப்புக் குடை. மெர்லின் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, முதுகில் பையோடு, தலையைக் குனிந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். ஜெசிந்தா கேட்டைக் குறிவைத்து அளவுப் பொத்தானை அழுத்தினாள். ஆயிரத்து ஐந்நூற்று அறுபது என்றது திரை. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த எண் மாறியிருந்தது. இரண்டாவது பக்கத்தைப் புரட்டினாள். இன்று காலையில் கருவி தன்னைத் திருத்திக்கொண்டது இரண்டு மடங்கு. காலையிலேயே நூறு மீட்டரில் இருநூறு மீட்டர் இருந்திருக்கிறது, அதையும் அவள் 'ஏற்க' என்று அழுத்தியிருக்கிறாள். அப்படியானால் இப்போது மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

மனிதர்களும் கட்டடங்களும் கற்களும் தங்களைத் தாங்களே இறுகப் பிடித்துக்கொண்டிருப்பவை, அவை நீளாது. நடுவில் இருக்கும் வெறும் இடம்தான் நீளும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் மகளுக்கும் நடுவில் வெறும் இடம்தான் இருந்தது.

மகளின் கைக்கடிகாரப் பேசியைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நம்ம வீடு ஏம்மா இவ்ளோ குட்டியா இருக்கு?" என்றாள் மெர்லின். "நான் ரொம்ப நேரமா நடக்கறேன். இன்னும் பெட்டிக்கடையே வரல. கால் வலிக்குதும்மா."

"மெர்லினு, நில்லு. அங்கயே நில்லு. எங்கயும் போகாத."

"நீ வர்றியா?"

ஸ்கூட்டரில் போய்விடலாம். மூன்று கிலோமீட்டர் ஒரு தூரமா? சாவியைத் திருகப் போன கை அப்படியே நின்றது. தலைக்கு மேல் இரைச்சலோடு ஒரு விமானம் தாழ்ந்து நிலையத்தின் பக்கம் போயிற்று. அது தரையைத் தொட்டிருக்க வேண்டும். சாலை ஒரு முனகல் முனகியது. அவள் காலடியிலிருந்து நாலு முழம் தள்ளி, தார் வாய் பிளந்து, செம்மண் தெரிந்தது. பிளவு கண்ணெதிரே அகன்றுகொண்டே போயிற்று. அடுத்த வீட்டு மதில் அவளைவிட்டு விலகிப் போனது. யாரோ அலறினார்கள். சத்தம் மட்டும் எங்கிருந்தோ மெல்ல வந்தது.

"அம்மா! அம்மா, ஸ்கூல் கேட்டு நகருதும்மா!"

"திரும்பு! ஸ்கூல் பக்கம் ஓடு கண்ணு! குடையைப் போட்டுட்டு ஓடு!"

"நீ இந்தப் பக்கம்ல இருக்க?"

"அம்மா சொல்றேன்ல, ஓடு!"

பெற்ற மகளைத் தன்னைவிட்டு ஓடச் சொல்லி எந்தத் தாயாவது கத்தியிருப்பாளா? ஜெசிந்தா கத்தினாள். அந்தப் பக்கம் பள்ளி பக்கத்தில் இருந்தது, இந்தப் பக்கம் வீடு எட்டாமல் போயிருந்தது. நடுவில் வெறுஞ்சாலையில் குழந்தை மாட்டிக்கொண்டால் யாராலும் தொட முடியாது. தொலைநோக்கியில் பார்த்தாள். குடையை விடாமல் பிடித்துக்கொண்டே மெர்லின் ஓடினாள். கேட்டிலிருந்து லூர்து டீச்சர் புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு எதிரே ஓடி வந்தார். குழந்தையைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். கேட் மூடியது. ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தபடியே தண்டபாணியைப் பேசியில் பிடித்தாள்.

"சார், தடத்தை மூடுங்க. கல்லு நகர்ந்திருச்சு. ரெண்டு வருசமா நகருது. நான் சான்றாளர் சொல்றேன், மூடுங்க!"

"தெரியும்மா. என் ரூமுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவுல வராந்தாவே முடிய மாட்டேங்குது." அவர் ஓடிக்கொண்டே பேசினார். "டொராண்டோலேர்ந்து இனி எதுவும் கிளம்பாதுன்னு சொல்லியாச்சு. ஆனா பதினாலு விமானம் மடிப்புக்குள்ள வந்துக்கிட்டிருக்கு. நாற்பது நிமிசத்துக்குத்தான் எரிபொருள். எறக்காம இருக்க முடியாது."

"எறங்க எறங்க இங்க இழுக்குது சார்!"

"தெரியும்மா" என்றார் மறுபடியும். "மூவாயிரம் பேரு உள்ள இருக்காங்க."

மூவாயிரம் பேரை நடுக்கடலில் விழச் சொல்ல அவள் யார்?

விமானங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இரண்டாவது இறங்கியபோது பரோட்டாக் கடை கண்ணுக்குப் புள்ளியாயிற்று. நாலாவதில் பள்ளியின் வெள்ளைப் பொட்டு மறைந்தது, தொலைநோக்கியில் மட்டும் இருந்தது. டீச்சர் மெர்லினைக் கேட் அருகிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே சிவப்புக் குடை தெரிந்தது. ஆறாவதில் குங்குமப் பொட்டளவு. எட்டாவதில் அது அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மட்டும் இருந்தது. ஒன்பதாவது விமானத்துக்குப் பிறகு தொலைநோக்கியில் செம்மண்ணும் தார்த் துண்டுகளும் வெயிலும் மட்டும்தான். அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பார்ப்பதை நிறுத்தினால் ஏதோ அறுந்துவிடும் என்று பயமாக இருந்தது.

நடுவில் அமலதாஸ் கூப்பிட்டான். டொராண்டோவில் அப்போது விடியவில்லை.

"ஜெசி, ஃபிளைட்ட நிறுத்திட்டாங்களாமே? என்ன ஆச்சு? பாப்பா எங்க?"

"ஸ்கூல்ல இருக்கா. போக முடியலங்க. ரோடு நீண்டுக்கிட்டே போகுது."

"நான் எப்படியாவது வர்றேன். அவசரத்துக்கு ஒரு விமானம் விடச் சொல்லி…"

"வராதீங்க!" என்று வீறிட்டாள். மடிப்பி வருவதற்கு முன் ஏழு வருடம் 'எப்ப வர்றீங்க' என்று கேட்டுத் தேய்ந்த வாய் அது. "நீங்க ஒரு அடி பக்கத்துல வந்தா அவ இன்னும் தூரமாப் போயிடுவாங்க. தயவுசெஞ்சு வராதீங்க."

அவன் அழுகிற சத்தம் கேட்டது. பதின்மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி அழுகிறவனின் மூச்சு காதுக்குள்ளேயே கேட்டது.

பதினாலாவது விமானமும் இறங்கிய பிறகு தரை அசையாமல் நின்றது. தூரமானி கேட்டைத் தேடித் தேடிச் சலித்துவிட்டது. மகளின் பேசிக்கும் தன் பேசிக்கும் நடுவே அலை போய்த் திரும்பும் நேரத்தை வைத்து ஜெசிந்தாவே கணக்குப் போட்டாள். நாலாயிரம் கிலோமீட்டர். காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று அவள் கையெழுத்துப் போட்ட இடம்.

பள்ளியில் இருநூறு குழந்தைகள். இருப்பது ஒரு வேளைக்கான அரிசி. தண்ணீர்க் குழாய் அறுந்துபோயிருந்தது.

நீட்சி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விழவில்லை; வந்துசேர முடிந்த பெற்றோர்கள் தெருமுனையில் கூடியிருந்தார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள், விலகினால் பிரிந்துவிடுவோம் என்ற பயம். கையில் பெட்டியோடு நாலைந்து பேர் வேறு. இன்றிரவு டொராண்டோ போகவேண்டியவர்கள். அவர்களில் ஒருவர், "எப்பங்க திரும்ப ஓடும்? என் மக பிரசவத்துக்குப் படுத்திருக்கா" என்று யாரைப் பார்த்தாலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்டபாணி நிலையத்தின் வண்டியில் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. வழக்கமாக இரண்டு நிமிட வழி. ஜெசிந்தா அவர் சட்டையையே பிடித்துவிட்டாள்.

"மடிப்பை அவுத்துவிடுங்க சார். டொராண்டோ தூரமா போகட்டும். ரோடு பழையபடி ஆகட்டும்."

"இழுத்த ரப்பரைப் பட்டுனு விட்டா என்னம்மா ஆகும்? ஊர்ல இருக்கிற எல்லா வீடும் ஒண்ணுமேல ஒண்ணு வந்து மோதும். இழுத்த மாதிரியே மெதுவாத்தான் விடணும். மூணு வருசம் ஆகும்."

"மூணு வருசமா? எம்புள்ள நாளைக்குக் காலைல தண்ணி கேட்பா சார்!"

தண்டபாணி தெருமுனையைக் கைகாட்டினார். எட்டு வருடத்துக்கு முன், சட்டத்தில் சொல்லியிருக்கிறதே என்று, ஊரைச் சுற்றி எட்டு இடங்களில் ஆபத்துக்கால வளைவுகளை நட்டிருந்தார்கள். ஆள் நுழைகிற உயரத்தில் இரும்பு வளைவு, அடியில் ஒரு சிறுமடிப்பி. ஒன்று இந்தத் தெருமுனையில் நின்றது. இத்தனை நாளும் அதில் துணி காயப்போட்டார்கள். இன்னொன்று பள்ளி வாசலில். ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்ட உதவியது.

"ரெண்டையும் முடுக்கினா இந்த நாலாயிரமும் மடிஞ்சிரும். குழந்தைங்க பத்தடி நடந்தா இங்க வந்துருவாங்க" என்றார். "சான்றாளர் கையெழுத்துப் போட்டாத்தான் முடுக்க முடியும்."

படிவம் செருகிய பலகை ஒன்றை நீட்டினார். ஜெசிந்தாவுக்கு மனப்பாடமான படிவம். கடைசி வரியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'மிச்சத்தூரம் விழும் இடம். அங்கே மனிதர் எவரும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்.'

"இந்த நாலாயிரம் எங்க சார் விழும்?"

"காலி இடம்னு எழுதுங்கம்மா. எப்பவும் எழுதறதுதானே."

"நெசமா எங்க விழும்?"

தண்டபாணி கூட்டத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "பொட்டல்ல விழும்னுதான் நெனைச்சோம். விழல. எங்க சேர்த்து வெக்கிறமோ அங்கயே பக்கத்துல போய் விழுது. யாரையும் யாரையும் பக்கத்துல கொண்டுவர்றோமோ, அவங்களுக்கு நடுவுலயே." பலகையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "உடனே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

ஜெசிந்தா கையெழுத்துப் போடாமல் நின்றாள். இப்போது இது சாலையில் விழாது. வீட்டுக்குள் விழும். அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவில், அவள் பாய்க்கும் மெர்லின் பாய்க்கும் நடுவில். ஒரு நாள் தலைவாரிவிட உட்கார்த்தும்போது சீப்புக்கும் தலைக்கும் நடுவில். அப்போது எந்தக் கல்லை வைத்து அளப்பது?

"யோசிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, போடுங்கக்கா!" என்று ஒரு தாய் கத்தினாள். "புள்ளைங்க அங்க கெடக்குதுங்க!" கூட்டம் முழுக்கக் கத்தியது. பெட்டிக்காரர் மட்டும், "இப்படியே டொராண்டோவுக்கும் ஒரு வளைவு போட்டுத் தரலாமே?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. மகளுக்குப் பிரசவம்.

பேசி துடித்தது. "அம்மா," என்றாள் மெர்லின். அவள் சொல்லி இவள் காதில் விழ ஓர் இமைப்பொழுது ஆயிற்று. "இருட்டப் போகுதும்மா. எனக்குப் பயமா இருக்கு. எப்பம்மா வருவ?"

ஜெசிந்தா காலிக் கட்டத்தில் 'ஆளில்லாப் பொட்டல்' என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். தினமும் போட்ட அதே கையெழுத்து, கோணவேயில்லை. எட்டு வருடத்தில் தெரிந்தே எழுதிய முதல் பொய் இதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். அதுவும் பொய் என்று அவளுக்குத் தெரியும்.

வளைவு முனகியது. அதற்குள் தெரிந்த செம்மண் வெளி கலங்கி, நெளிந்து, தெளிந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளியின் இரும்புக் கேட், கை நீட்டினால் தொடும் தூரத்தில். லூர்து டீச்சர் கேட்டைத் திறந்தார். குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். பெயர் சொல்லிக் கூவியபடி பெற்றவர்கள் பாய்ந்தார்கள். ஒருவர் தம் மகனைத் தலைகீழாகத் தூக்கி முத்தமிட்டார். ஷாஜகான் மாஸ்டர்கூட எங்கிருந்தோ மூச்சிரைக்க வந்து சேர்ந்து, பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டார். யாரோ தண்டபாணியின் காலில் விழுந்தார்கள்.

கடைசியில் மெர்லின் வந்தாள். மடக்கிய சிவப்புக் குடையை மார்போடு அணைத்திருந்தாள். வளைவைத் தாண்டி இந்தப் பக்கம் காலை வைத்தாள். சரியாகப் பத்தடி தூரம். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஜெசிந்தா இரண்டு கைகளையும் விரித்தாள். கர்த்தரே, இது போதும், இதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று மனம் சொன்னது.

மெர்லினின் உதடுகள் பிரிந்து மூடின. 'அம்மா' என்றுதான்.

பிறகு சத்தம் வந்தது.

மிகக் கொஞ்சம் பிந்தித்தான். அங்கே நின்ற வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நாலு மணியிலிருந்து எண்ணிப் பழகிய காதுக்கு அது தெரிந்தது. ஜெசிந்தா கைகளை விரித்தபடியே ஓட ஆரம்பித்தாள், பத்தடிக்குத் தேவையேயில்லாத ஓட்டம்.

மகள் சிரித்தாள். அவள் உதடு அசைந்து நின்ற பிறகுதான் வார்த்தைகள் வந்தன.

"பக்கத்துலதானேம்மா நிக்கிறேன், ஏன் இப்படி ஓடி வர்ற?"